ஷூ மட்டும் ஆடுது

ஆம்பூரில் காலை ஷிப்டுக்குப் போகும் ஷூ கம்பெனி பஸ். முன் சீட்டில் ரெண்டு பெண்கள், ஒரே ஹெட்செட்டை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, போனில் வீடியோ பார்த்தார்கள். பின் சீட்டில் இருந்த எனக்குப் பாட்டு கேட்கவில்லை, பேச்சுதான் கேட்டது.

"ஆளே இல்லாம ஷூ மட்டும் ஆடுதுடி!"

"கொஞ்சம் கொஞ்சமா நகத்தி, ஒவ்வொரு போட்டோவா எடுத்து ஒட்டியிருக்காங்கக்கா."

"நிறுத்து. அது நம்ம தையல்தானே?"

"உனக்கு எல்லாமே நம்ம தையல்தான்."

"பதினோரு வருசமா மேல்பாகம் தைக்கிறேன். சோல் ஒட்ட வேற கம்பெனிக்குப் போய்டுது. அதுங்க நடந்து நான் பாத்ததே இல்லடி."

சின்னவள் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

கேட்டில் பஸ் நின்றது. போன்களை வாங்கி வைக்க வாட்ச்மேன் டப்பாவோடு ஏறினார்.

"இருண்ணா," என்றாள் பெரியவள். "அதுங்க இன்னும் ஆடி முடிக்கல."