மேல் ஸ்தாயிக்கு ஒரு சீவாளி

ஓபோ என்கிற மேல்நாட்டு ஊதுகுழலைக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற வீட்டைவிட்டு முதலில் கிளம்புவது பூனைதான். அடுத்தது அக்கம்பக்கத்தாரின் பொறுமை. வாத்தியக் குழுவில் இரண்டாவது ஓபோவாகவே காலம் தள்ளியவள் நான். புதிதாக வருகிறவர்களின் கீச்சொலி கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருந்தது. அதனால் என் தம்பி, உன் புருஷன், தையல் கடையைச் சாத்திவிட்டு வந்து, தனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டபோது சிரித்தேன். நீயும் சிரித்தாய். "இவர் சொன்ன பேச்சைத் துணி மட்டும்தான் கேக்கும், அண்ணி" என்றாய்.

நேற்று ஓபோவின் நுனியில் செருகி ஊதுகிற சீவாளிகள் இரண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். உட்கார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியை வளர்த்தது நான்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்ததும் அவனுக்காகத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. அவனுக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் ஊசி கோத்தான், உன்னைப் பார்த்தான், பிழைத்தான். அந்தக் கண்ணிலும் அழுத்தம் ஏறுகிறதென்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் பாடத்தில் கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரம் ஊதினான். அறை நிறைந்துவிட்டது. நான் இத்தனை வருடமாகத் தேடிய நாதம் அது. அது நல்ல நாதம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. பரவாயில்லையா என்று என் முகத்தைப் பார்த்தான். பரவாயில்லை என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று நினைக்காதே. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவன்மேல் யாருக்காவது பொறாமை வருமா?

கொஞ்ச நாளில் கண் டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போனேன். சீருடை தைத்துக் கொடுக்கிற அவசரத்தில் நீ கடையில் இருந்தாய். அவன் மருந்து வாங்க வெளியே போன நேரத்தில் பேச்சுவாக்கில் ஓபோ விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மெதுவாக ஊதட்டும், மூச்சை அடக்கி முக்கி ஊதவே கூடாது, கண்ணில் அழுத்தம் எகிறினால் இந்த நரம்பு தாங்காது என்றார். "அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். தலையாட்டினேன். படி இறங்கும்போது, டாக்டர் என்ன சொன்னார் என்று தம்பி கேட்டான். மருந்தை விடாமல் போடச் சொன்னார் என்றேன். அதையும் அவர் சொல்லத்தான் செய்தார்.

ஓபோவில் மேல் ஸ்தாயி பலத்தால் வருவதில்லை. வாயில் வைக்கிற சீவாளியின் முனையை மெலிதாகச் சீவியிருக்க வேண்டும். உதட்டைத் தளர்த்தி, ஒரே சீராக மூச்சு விட்டால் ஸ்வரம் தானாக ஏறும். புதிதாக வருகிறவர்கள் நேர்மாறாக நினைப்பார்கள். மேலே போக அழுத்த வேண்டுமென்று சீவாளியைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதுவார்கள். அதை உடனே திருத்துவதுதான் சொல்லிக்கொடுப்பவரின் வேலை. நான் திருத்தவில்லை.

அவனுக்கான சீவாளிகளை நானேதான் செய்தேன். முனையைத் தடிப்பாகவே விட்டேன். அதில் மேல் ஸ்தாயி தலைகீழாக நின்றாலும் வராது. அவனோ அக்கா சொன்னால் செய்கிறவன். இன்னும் கொஞ்சம் என்பேன். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், மறுபடியும் ஊதுவான். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு, "விளக்கைச் சுத்தி வளையமா தெரியுதுக்கா" என்றான்.

டாக்டர் சொன்னதை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "களைப்பா இருக்கும். தண்ணி குடிச்சிட்டு வா, இன்னொரு தடவ பாப்போம்" என்றேன். குடித்துவிட்டு வந்து ஊதினான்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஒரு காலையில் ஊசித்துளை தெரியவில்லை என்றான். கொஞ்ச நேரத்தில் ஊசியே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்தார். "நான் சொன்னேன், இவன்தான் கேக்கல" என்றேன். தம்பி என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டான். "அக்கா சொல்லியிருப்பா, டாக்டர். நான்தான் மறந்திருப்பேன்" என்றான். அன்று நான் அழுதது நிஜம். அதை மட்டும் சந்தேகப்படாதே.

இனிக் கெட்டுப்போவதற்கு ஒன்றுமில்லை, ஆசைப்பட்டால் வாசிக்கட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். தையல் கடையும் இல்லை. பகல் முழுக்கக் கீழ் அறையில் ஓபோவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். நீ மனசு கேட்காமல் வாத்தியக் கடைக்குப் போய் ஒரு சீவாளி வாங்கிக் கொடுத்தாய். நேற்று அதை வாயில் வைத்தவன் கழுத்தைக்கூட அசைக்காமல் மேல் ஸ்தாயியின் உச்சிக்குப் போய் நின்றான். அப்புறம்தான் என் சீவாளியையும் கடைச் சீவாளியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாய். "அண்ணி, உங்களோடது மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பா இருக்கு?" என்றாய்.

தெரிந்துதான் செய்தேன். கண் போனால் ஓபோவையும் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். நினைப்பு தப்பாகிவிட்டது.

யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல். நான் மறுக்கமாட்டேன். போகும்போது அந்தக் கதவை மட்டும் இறுக்கிச் சாத்திவிட்டுப் போ. அவன் மறுபடியும் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.