முனியாண்டிக்குச் சாத்திய செவ்வரளி

மரவள்ளிக் குச்சியை நேராகக் குத்தி வைப்பதைவிடக் கொஞ்சம் சாய்த்து நட்டால் கிழங்கு பிடுங்குவது சுலபம். இது தெரிந்தால் பாதி விவசாயம் வந்த மாதிரி. மீதிப் பாதி, பன்றி வராமல் பார்த்துக்கொள்வது.

தீபன், நேற்று சாப்பிடும்போது கேட்டாய். "மாமா, நாங்களும் பகாங்குக்கே வந்துரலாமான்னு பாக்குறோம். நீங்க என்ன சொல்றீங்க?" ரூபினி தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாங்க இல்ல மாமா, அவரு" என்றாள். நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை.

எனக்குப் பேச்சில் கோர்வை வராது. அதனால் எழுதுகிறேன். நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். ரூபினி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறாள். உன் அம்மாவின் ஆறாம் மாசத் திதிக்கு வாங்கிய வாழை இலை இந்த மேசையில்தான் கிடக்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கேட்டதற்கு நேரான பதில், பகாங்கில் என் நிலத்தில் வாழலாம். கூரையில் விழும் மழைத் தண்ணீரே குடிக்கப் போதும். கோழி இருக்கிறது, தொட்டியில் கெளுத்தி இருக்கிறது. காலையில் எழுந்தால் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. மாசாயில் இந்த பிளாட்டில் லிப்ட் கெட்டுப்போனால் ஆள் வரும்வரை காத்திருக்கிறோம். அங்கே எதற்கும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இன்னொன்றும் கேட்டாய். "அம்மா எப்படி மாமா ஒத்துக்கிட்டாங்க? அவங்க மாசாய விட்டு நகர மாட்டேன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க?" நான் குழம்பு ஊற்றச் சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

செவ்வாய், வியாழன், சனி. அக்காவுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நாள்கள் அவை. நீ விடியுமுன்பே சிங்கப்பூர்ப் பாலம் கடந்துவிடுவாய், அது உன் குற்றமில்லை. நான்தான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். அரை நாள் அவள் மெஷினில் கிடப்பாள், நான் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடப்பேன். வாரத்தில் பாதி நாள் வராதவனை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. மற்ற நாள்களில் லோரியில் சாமான் ஏற்றுவேன், இரவில் காவல் பார்ப்பேன். அப்படி ஏழு வருஷம் போனது.

இந்த எழுத்துகூட அந்த நாற்காலியில் வந்ததுதான். யாரோ விட்டுப்போன பேப்பரை வைத்துக்கொண்டு அக்கா ஒரு கையால் காட்டுவாள், மறு கையில் ஊசி இருக்கும். நாற்பத்தாறு வயதுக்காரன் தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுவதைப் பார்த்து வார்டே சிரிக்கும். "அலமாக், 'ழ' போடச் சொன்னா கோழி கால வரஞ்சு வச்சிருக்கான் பாருங்க" என்று அவள்தான் முதலில் சிரிப்பாள். படிக்க வந்ததும் அங்கேதான் முதலில் படித்தேன், போனில், தன் கையாலேயே பயிர் செய்து தன் கையாலேயே பொங்கித் தின்னும் மனிதர்களைப் பற்றி. பகாங்கில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் முகத்தில் களைப்பே இல்லை. அந்த முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன்.

அக்காவிடம் சொன்னேன். "போலாம்டா, போயி கோழி மேய்க்கலாம். என் ரத்தத்த யாரு கழுவுவா? கோழியா?" என்றாள்.

ஒருநாள் திரும்பி வரும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோது ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டேன். கார் தானாக நகர்ந்திருக்கிறது. அக்கா ஊசி போட்ட கையாலேயே ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறாள். கட்டு நனைந்து புடவையெல்லாம் ரத்தம். திட்டுவாள் என்று பார்த்தேன். "எறங்கி மூஞ்சக் கழுவிட்டு வா முத்து. நான் இருக்கேன், காரு எங்கயும் போகாது" என்று மட்டும்தான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் நிலம் பார்க்கப் போனேன். என்னோடு லோரியில் வேலை செய்த மூர்த்திக்குப் பகாங்கில் ரொம்பின் பக்கம் அப்பா வழி நிலம் உண்டு. இரண்டு இடம் காட்டினான். ஒன்று தார்ச்சாலை ஓரம், ரத்தம் சுத்தம் செய்யும் மையம் இருக்கும் டவுனுக்குப் பக்கம். இன்னொன்று ஆற்றைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் மண் சாலையில் வெகுதூரம். "அண்ணே, இது வேணாம். டிசம்பர்ல ரோடு முழுகிரும். ஒரு வாரம் பத்து நாளு வெளிய வர முடியாது. அக்காவ வச்சிக்கிட்டு எப்படி?" என்றான் மூர்த்தி. நான் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மண் நன்றாக இருந்தது. இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அக்காவிடம் மண்ணைப் பற்றிச் சொன்னேன். சாலையைப் பற்றிச் சொல்லவில்லை. டவுனில் மையம் இருக்கிறது, முறை தவறாமல் கூட்டிப் போவேன் என்றேன். அது பொய்யில்லை, கூட்டிப் போனேன்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. கடைசியில், "சரி, முனியாண்டிய கேளு. அவரு போன்னா போறேன். வேணாம்னா வாய மூடிக்கிட்டு இருக்கணும், தெரியுதா?" என்றாள். உனக்குத் தெரியுமே, உன் அம்மா எதையும் பூக் கேட்காமல் செய்ததில்லை. தன் கல்யாணம், உன் சிங்கப்பூர் வேலை எல்லாமே சிம்பாங் ரெங்கத்தில் நாங்கள் பிறந்த தோட்டத்து முனியாண்டி கொடுத்த உத்தரவுதான். எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். சாமிக்கு மட்டும் ஒரு தகரக் கூரையை விட்டு வைத்திருக்கிறார்கள். மாசாயிலேயே வெள்ளரளியும் செவ்வரளியும் வாங்கி வைத்திருந்தேன். மல்லிகை வாங்கவில்லை, வாசம் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா குழாயில் கால் கழுவப் போனபோது வாழை இலையைக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டினேன். செவ்வரளியை வீணாக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சரமாகச் சுற்றிச் சாமி கழுத்தில் சாத்திவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது.

அக்கா வந்து பார்த்து, "செவப்பு நல்லா எடுப்பா இருக்குடா சாமிக்கு" என்றாள்.

கற்பூரம் காட்டினேன். அவளே எடுத்தாள், ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்துப்போன அந்தக் கையால். யோசிக்காமல் எடுக்கவில்லை. ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதை எடுத்தாள். பிரித்துப் பார்த்து, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போன்னுட்டாரு" என்றாள். அப்புறம், "அதையும் பிரிடா, என்னான்னு பாப்போம்."

"சாமியச் சோதிக்கக் கூடாதுக்கா."

"ஆமா, நீ பெரிய பூசாரி லா" என்று சிரித்தாள். அந்தப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தீபன், ஒன்றை நீ நம்ப வேண்டும். அங்கே அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கோழிகளுக்கெல்லாம் மாசாய் நர்சுகள் பேரை வைத்தாள். "மிஸி அஸ்லினா இன்னைக்கும் முட்டை போடல, டூட்டிக்கு லேட்டு" என்பாள். கீரை போட்டாள். மழை வரும்வரை மையத்துக்கு ஒருமுறைகூட நான் தவறவிட்டதில்லை. போக வர முன்பைவிட அதிக நேரம் ஆனது. ஆனாலும் முன்போல எனக்கு அசதியில்லை. எதற்கும் ஒரு முடிவு தெரிந்துவிட்டால் உடம்பு தாங்கிக்கொள்கிறது.

நவம்பர் கடைசியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது அவளே கேட்டாள். "மழை புடிக்கறதுக்கு முன்ன மாசாய் போயி தீபன்கூட இருந்துட்டு வரட்டுமாடா? மூர்த்தி பொண்டாட்டி ரோடப் பத்தி என்னமோ சொன்னா."

"சாமி உத்தரவு குடுத்த எடம்கா. ஒன்னும் ஆவாது."

அவள் உத்தரவை மீறிப் பேசத் தெரியாதவள்.

சாலை மூழ்கியது. வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் படி வரைக்கும்தான் வந்தது. நீ போன் அடித்திருப்பாய். லைன் இல்லை என்று அப்போது நினைத்தாய், நானும் அப்படித்தான் சொன்னேன். லைன் இருந்தது. நான்தான் போனை அணைத்து அரிசிப் பீப்பாயில் வைத்திருந்தேன்.

இரண்டு முறை மையத்துக்குப் போக வேண்டிய நாள் கடந்துவிட்டது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தாள். அப்போதும் கோழிகளை உள்ளே எடுத்தாயா என்றுதான் கேட்டாள்.

மறுநாள் படகு வந்தது. செம்பனை வரிசைக்கு நடுவில் மீட்புக்காரர்கள் மூன்று பேர் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்றேன். நோயாளி யாராவது உண்டா என்று மலாயில் கேட்டார்கள். இல்லை என்றேன். அரிசி, பிஸ்கட் வேண்டுமா என்றார்கள். எங்களிடம் எல்லாம் இருக்கிறது, நாங்கள் யாரையும் எதிர்பார்ப்பதில்லை, இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள் என்றேன். அவர்களில் பெரியவர் என்னைப் பாராட்டுவது போலக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். என் வாழ்நாளில் எந்த அதிகாரியும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை.

உள்ளே போனேன். "யாருடா அது, மோட்டார் சத்தம்?"

"மீன் புடிக்கிறவங்கக்கா."

"இந்த மழையிலயா? பைத்தியக்காரனுங்க" என்றாள்.

சாயங்காலம் அவள் பேச்சு இரண்டு இரண்டு சொல்லாகத்தான் வந்தது. ஒன்றைக் கேட்க வேண்டும் என்று சைகை காட்டினாள். குனிந்தேன்.

"அந்த இன்னொரு... பொட்டலத்துல... செவப்புதானடா... இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"அப்ப சரி" என்றாள். "கொஞ்சம் தூக்கி உக்கார வை."

தூக்கி என் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தேன். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியில்லாமல் போயிருப்பாள். அதை மட்டும் நான் அவளுக்குச் செய்யவில்லை.

தண்ணீர் வடிந்ததும் போலீசார் வந்து பார்த்தார்கள். வெள்ளம், என்ன செய்வது என்றார்கள். நீ என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். "கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டீங்க மாமா" என்றாய். ஆமாம், கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டேன். அந்தக் கடைசி எப்போது வரும் என்று நான்தான் முடிவு செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. நீ கொஞ்ச நாள் என்மேல் கோபப்படலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் உனக்கும் புரியும்.

நான் பேராசைக்காரன் இல்லை. கொஞ்சம் தூங்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அங்கேயும் இப்போது தூக்கம் வருவதில்லை. தனியாள் கொத்த முடியாத நிலம் அது. முதுகு விட்டுப்போயிற்று. கோழிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நீங்கள் வந்தால் நல்லதுதான்.

ரூபினிக்கு டிசம்பரில் பிறக்கும் என்றாய். மழை மாதம், ஆஸ்பத்திரி தூரம் என்று அவள் பயப்படுகிறாள். பயம் நியாயம்தான். வருஷா வருஷம் ஒரே மாதிரி வெள்ளம் வராது என்று சொல்லிப் பார். கேட்காவிட்டால் சண்டை போடாதே. ஒரு பெண்ணை வற்புறுத்தி எங்கேயும் கூட்டிப் போகக்கூடாது, நான் உன் அம்மாவை வற்புறுத்தியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் சிம்பாங் ரெங்கம் போவோம். அவளே தன் கையால் எடுக்கட்டும்.

பூ நான் வாங்கி வருகிறேன்.