தாடிக்காரருக்குப் பொட்டு

கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவள் திடீரென்று சத்தமாகச் சொன்னாள்:

"எங்க வீட்டுத் தாடிக்காரர மந்திரி கும்பிட்டுட்டுப் போறான்டி, வெக்கங்கெட்டவன்!"

"எந்தத் தாடிக்காரரு?"

"சாமிப் படங்களோட மாட்டியிருக்கே, தொழிலாளிக்காகப் புத்தகம் எழுதுன வெள்ளைக்காரரு. அந்தப் படத்தக் குடுத்ததே இவன்தான். செவப்புக் கட்சி ஆளுன்னு பொலிஸ் தேடுனப்ப எங்க லயத்து வீட்டுலதான் ஒளிஞ்சிருந்தான். அவனுக்குச் சோறு போட்டதுக்குத்தான் தோட்டத்துத் தொர அப்பாவ வேலைய விட்டு நிப்பாட்டுனாரு. லயத்து வீட்டையும் புடுங்கிட்டாரு. மாமா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில மழையில கெடந்தோம்."

"அவரா இப்ப மந்திரி?"

"அவனேதான். அப்பெல்லாம் அப்பா அந்தப் படத்துக்குப் பொட்டு வச்சா, 'தோழர், இவரு சாமியில்ல, அழிங்க'ன்னு சண்டை புடிப்பான். நேத்து ஓட்டுக் கேட்டு வந்தவன், செருப்பக் கழட்டிட்டு அந்தப் படத்தக் கும்பிட்டு, 'இது எந்தச் சாமியாரும்மா?'ங்கிறான்."

"நீ என்னா செஞ்ச?"

"முந்தானையால பொட்ட அழிச்சிட்டு, அவன் மூஞ்சிக்கு நேரா படத்தப் புடிச்சேன். அப்பயும் தெரியலடி அவனுக்கு!"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மற்றவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"பொறகு?"

"அவன் போனதும் திரும்பப் பொட்டு வச்சிட்டேன். இவனுங்களுக்கே தெரியாத மனுசன், எங்களுக்குச் சாமியாவே இருந்துட்டுப் போகட்டும்."