எண்ணாமல் விட்ட துளிகள்

அண்ணி: அஞ்சு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிடுவாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா என் ஆய்வேடு உள்ள போகும். இல்லைன்னா ஆறு வருஷம் தண்ணியில போச்சு.

நாத்தனார்: இந்தப் படத்தை நீட்டிக்கிட்டா கையெழுத்துக் கேக்குறீங்க? உங்களுக்கு எம்மேல என்ன கோபம் அண்ணி...

அண்ணி: வீட்டுலதான் அண்ணி. இங்க நீங்க மேடம், நான் மாணவி.

நாத்தனார்: சரி மாணவியே, படத்துல என்ன இருக்கு? சொல்லுங்க.

அண்ணி: செல்லை உடைச்சுப் பிழிஞ்ச சாறு. உயிர் கிடையாது. ஆனாலும் மரபணுவைப் போட்டா, பச்சையா ஒளிர்ற புரதத்தைச் செஞ்சு கொடுக்கும். அந்தச் சாறை எண்ணெய்க்குள்ள பொடிப்பொடித் துளியாப் பிரிச்சிருக்கு.

நாத்தனார்: பிரிச்சு?

அண்ணி: துளி சின்னதானா புரதம் கூடுதாம். சோதனைக் குழாய்ல மொத்தமா வெச்சதைவிட மூணு மடங்கு.

நாத்தனார்: அறையைச் சுருக்கினா வேலை மூணு மடங்கு... பேஷ். உங்க வீட்டுக்காரரை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிப் பாருங்களேன்.

அண்ணி: உங்க அண்ணன்தானே. அங்கயும் குறட்டை விடுவார்.

நாத்தனார்: துளியை எண்ணினது யாரு?

அண்ணி: கம்ப்யூட்டர். பச்சையாத் தெரியுற வட்டத்தை எல்லாம்...

நாத்தனார்: தெரியாத வட்டம்?

அண்ணி: தெரியாததை அது எப்படி எண்ணும்...

நாத்தனார்: ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னா, வெந்த பருக்கையா மட்டும் பொறுக்கிப் பதம் பாத்த கதை. குழாய்ல மரபணு கோடிக்கணக்குல மிதக்குது. இத்தனூண்டு துளியில ஒண்ணு விழும், ரெண்டு விழும். முக்காவாசித் துளியில ஒண்ணுமே விழாது. விழாத துளி இருட்டு. அதைக் கணக்குல சேர்க்காம மூணு மடங்காம், மூணு மடங்கு. சாதா விளக்கைப் போட்டிருந்தா எல்லாத் துளியும் தெரிஞ்சிருக்குமே.

அண்ணி: போடலை.

நாத்தனார்: போட மாட்டாங்க. போட்டா பெருமை போயிடும்ல.

அண்ணி: இப்படி எண்ணினவங்க என்ன செய்யணும் மேடம்?

நாத்தனார்: இந்தப் படத்தைப் போட்டு வெளியிட்ட கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கணும். வெக்கம் இருந்தா.

அண்ணி: இல்லைன்னா?

நாத்தனார்: இல்லைன்னா என்னை மாதிரி நாற்காலியில உக்காந்து ஊருக்கு உபதேசம் பண்ணலாம்.

அண்ணி: ...அடுத்த பக்கத்தைத் திருப்புங்க. அதுதான் என் படம். சாதா விளக்கு போட்டு எடுத்தது. நூறு துளியில எழுபது இருட்டு. எல்லாத்தையும் சேர்த்து எண்ணினா துளியும் குழாயும் சமம்தான். ஆனா துளிக்குத் துளி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சின்ன அறை செய்யுற வேலை அதுதான்.

நாத்தனார்: அப்ப இந்தப் படம்?

அண்ணி: நீங்க பதினோரு வருஷத்துக்கு முன்னால எடுத்தது. இந்த நாற்காலியை உங்களுக்கு வாங்கிக் கொடுத்த படம்.

நாத்தனார்: மணி என்ன ஆச்சு?

அண்ணி: மணி நாலே முக்கால்.

நாத்தனார்: பேனாவைக் கொடுங்க. நான் எடுத்த படம் எனக்குத் தெரியாதா? உங்க ஆய்வேட்டையும் போன மாசமே படிச்சு முடிச்சாச்சு. நேரா வந்து நாலு வார்த்தை திட்டுவீங்கன்னு பாத்தேன். நீங்க மேடம், மேடம்னே நின்னீங்க... அதான், நானே திட்டிக்க வேண்டியதாப் போச்சு.