ஆர்த்தெமீஸின் தலைத்துணி

இல்ல முசியே, என் தலைத்துணிக்கு நீங்க வரைஞ்ச அந்த முடிச்சு தப்பு. கோவிச்சுக்காதீங்க. பாரிஸ்ல ஓவியம் படிச்சு வந்தவருக்கு நியூ ஆர்லியன்ஸ் தையல்காரி பாடம் எடுக்கறாளேன்னு நினைக்காதீங்க. மூக்கு வரைங்க, வாய் வரைங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசா... சரி சரி, விட்டுட்டேன்.

தெரியும் முசியே, சனிக்கிழமை கப்பல் கிளம்புது. படம் அதுல போயே ஆகணும். உங்க பிரான்ஸ்ல, போர்தோவில என் பொண்ணு ஓடாலி காத்துட்டு இருக்கா, ஒயின் வியாபாரி வீட்டு மருமகளாக்கும். அதுக்காக அரைகுறையா அனுப்ப முடியுமா? அஞ்சு நாளா இவ உள்ள போய்ப் போய் துணியைக் கட்டறா அவிழ்க்கறான்னு நீங்க முணுமுணுக்கறது எனக்குக் கேக்காம இல்ல. இந்தாங்க, அரிசிப் பணியாரம் சாப்பிடுங்க. சூடா இருக்கு.

நீங்க வரைஞ்சிருக்கறது உங்க ஊர் சீமாட்டிங்க நாடகம் பாக்கப் போறப்ப கட்டற தலைப்பாகை. அது ஃபேஷன். எங்களுக்கு இது சட்டமா வந்தது. எங்கம்மா குமரியா இருந்தப்ப இங்க ஸ்பெயின்காரன் ஆட்சி. எங்க மாதிரி கலப்பு ரத்தத்துப் பொண்ணுங்க தலையைச் சீவி சிங்காரிச்சு, இறகும் முத்தும் வெச்சு நடந்தா வெள்ளைக்காரச் சீமாட்டிங்களை எவனும் திரும்பிப் பாக்கலியாம். கவர்னருக்குப் பொறுக்குமா? எல்லாரும் வேலைக்காரி மாதிரி தலையில துணி கட்டுங்கடின்னு உத்தரவு போட்டார்.

கட்டினாங்களே! மதராஸ் துணியில சிவப்புக் கட்டம், மஞ்சக் கட்டம், முனையெல்லாம் மேல தூக்கி நிறுத்தி, நடுவுல ஒரு கல்லு பதிச்ச ஊசி. ஆறே மாசம். அதே சீமாட்டிங்க எங்கம்மா வீட்டுக் கொல்லை வழியா வந்து, இதை எப்படிடி கட்டறதுன்னு கேட்டாங்களாம். சிரிக்கறீங்களா? தூரிகையைக் கீழ வெச்சுட்டுச் சிரிங்க, என் பாவாடையில சாயம் தெறிக்குது.

மதராஸ் எங்க இருக்குன்னா கேக்கறீங்க? யார் கண்டா! கப்பல்காரன் கொண்டு வரான், நான் வாங்கறேன். உத்தரவு போட்ட ஸ்பெயின்காரன் போயிட்டான், உங்காளுங்க வந்தாங்க, போனாங்க, இப்ப அமெரிக்காக்காரன். துணி மட்டும் போகல. நாங்க விடல.

அதான் முடிச்சு முக்கியம்ங்கறேன். போன குளிர்காலத்துல ஒருத்தர் வந்து எங்கக்கா மெலாஸியை வரைஞ்சார். அவரும் உங்களை மாதிரியே பாரிஸ் முடிச்சு போட்டு வெச்சுட்டார். சுவத்துல மாட்டினதும் வர்றவங்க எல்லாம் யாரு இந்த வெள்ளைக்காரச் சீமாட்டின்னு கேக்க ஆரம்பிச்சாங்க. சொந்தப் புருஷனே தொப்பியைக் கழட்டி வணக்கம் போட்டார்னா பாத்துக்குங்க. அக்கா ரெண்டு நாள் அவருக்குச் சோறு போடல.

என்னது? ஓடாலி என்ன கேட்டாள்னா கேக்கறீங்க?

கடுதாசி இங்க ஜாக்கெட்டுக்குள்ளதான் இருக்கு. மாமியார் படம் கேக்கறாங்க, அனுப்பு, தலையில துணி வேண்டாம், முடி தெரிய உக்காருன்னு எழுதியிருக்கா. அவ அவங்கப்பா மாதிரி வெள்ளை நிறம், முசியே. அங்க யாரும் அவளை ஒண்ணும் கேக்கறதில்ல. இந்தத் துணியைப் பாத்தா கேப்பாங்க. எனக்குப் புரியுது. கோவமெல்லாம் இல்ல. பொய், பயங்கரக் கோவம். ஆனா அவ நல்லா இருக்கா. வாரத்துல ரெண்டு நாள் நடனத்துக்குப் போறாளாம்.

போதும். இன்னும் இழுத்தா கப்பல் போயிடும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, அவிழ்த்துக்கறேன். அவங்கப்பாவைத் தவிர எந்த ஆம்பளையும் இந்தத் தலையைப் பாத்ததில்ல.

ம். பாருங்க இப்ப. ரொம்ப நரைச்சிருக்கா? அதையெல்லாம் கறுப்பாக்கிடுங்க. ஆமா, எல்லாத்தையும். அவ மாமியார் வீட்டுல சொல்லி வெச்சபடி நான் செத்து ஏழு வருஷமாச்சாம். அதனால ஏழு வயசு குறைச்சே வரைங்க முசியே, எந்தப் பொம்பளைக்கு இந்த யோகம் கிடைக்கும்?