சங்கக்கடை ஒழுங்கைக்கு முழுப் புள்ளி

எனக்குக் கோதுமைப் பசையின் மணம் பிடிக்காது. அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும், ஐயா.

எங்கள் நகரசபையில் தெருச் சுத்தத்துக்குப் புள்ளி போடுவார்கள். என் வட்டாரத்துக்கு நான் பொறுப்பு. மேற்பார்வையாளர் அருளம்பலம் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை நடப்பார். குப்பை, வாய்க்கால், சுவரில் எழுத்து, சுவரில் ஒட்டிய தாள், எல்லாம் பார்ப்பார். இந்தத் தொண்ணூற்றிரண்டில் கரண்ட் ஏது? கம்பங்கள் இதற்காவது உதவின. பாணுக்கு மா இல்லாத நாளிலும் பசைக்கு எங்கிருந்தோ மா வந்தது. ரியூட்டரி வகுப்பு விளம்பரம், கூட்ட அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி. தாளைக் கண்டால் என் நகம் தானாக அதன் மூலையைத் தேடும். சோற்றுக்கு முன்னால் இருந்தாலும் எழுந்து போய்விடுவேன். "உங்களுக்கு என்ன விசரே?" என்பாள் மனைவி குணலட்சுமி. விசர் இல்லை. சண்டை நடக்கிற ஊரில் சுவராவது சுத்தமாக இருக்கட்டுமே என்ற ஆசை.

போன வருடம் ஒரேயொரு கண்ணீர் அஞ்சலியால் முதலிடம் போனது. ஒட்டியது என் சொந்த மச்சான். அவனோடு இன்றுவரை கதையில்லை.

இந்த வருடம் அருளம்பலம் வருவதற்கு முதல்நாள், சங்கக்கடை ஒழுங்கைத் தொங்கலில், சந்து முடிகிற இடத்தில், ஒரு செல் விழுந்தது. வெடிக்கவில்லை. வேப்பமரத்தடிச் சருகுக்குள் புதைந்து கிடந்தது. வண்டில்காரச் சிமியோன், எல்லாரும் செய்வதுபோல், ஒழுங்கை வாசலில் பனைமட்டையைக் குறுக்கே போட்டு, சுவரில் கரியால் 'செல் கிடக்கு, போகாதேங்கோ' என்று எழுதிவிட்டான். அதை எடுக்கிற ஆட்கள் மத்தியானம்தான் வருவார்கள். அருளம்பலம் காலையிலேயே வந்துவிடுவார்.

கோபிக்காமல் யோசியுங்கள். எழுத்துக்குப் புள்ளி குறையும். பனைமட்டை குப்பைக் கணக்கில் வரும். விடிந்ததும் எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தேன். மட்டையை வேலிக்கு அப்பால் எறிந்தேன். அவர் போனதும் திரும்ப எழுதுவதற்கு ஒரு கரித்துண்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மிச்சம் இருந்தது சருகுதான். வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் தெருக் கூட்டுகிற கமலாவதி வந்தாள். உடுப்பிட்டியிலிருந்து வருகிறவள், செல் விழுந்தது அவளுக்குத் தெரியாது.

"சுண்ணாம்பு இன்னும் காயேல்லை. என்னய்யா எழுதிக் கிடந்தது?"

"ஆரோ பெடியள் கிறுக்கினது."

"தொங்கல் வரைக்கும் கூட்டட்டே?"

"ஓம்," என்றேன். "மெதுவாக் கூட்டு பிள்ளை, தூசி கிளம்பும்."

அதைவிட வேறென்ன அக்கறை காட்ட முடியும்? நான் அடுத்த தெருவுக்குப் போனேன். கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தேன். சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்த கரித்துண்டை வாய்க்காலில் போடப் போய், வாய்க்காலுக்கும் புள்ளி உண்டென்று நினைவு வந்து திரும்பப் பைக்குள் வைத்தேன்.

அருளம்பலம் அன்று வரவில்லை. அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் புருஷன் சீவரத்தினம், நான் வெள்ளையடித்த அதே இடத்தில் அவளுடைய கண்ணீர் அஞ்சலியை ஒட்டியிருந்தார். அழுதேன், ஐயா. அழுதபடியே ஈரத்துணியால் நனைத்து, அவள் முகம் கிழியாமல் பக்குவமாகக் கழற்றினேன். சுவர் அழுக்காகக் கிடந்தால் அவளுக்கும் பிடிக்காது.