விளம்பரம் வரட்டும்

படுக்கையில் கிடக்கிற ஆளுக்குச் சவரம் செய்துவிடுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை, மேடம். கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டால் போதும். பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரர் அருள்நாதன் விழுந்ததிலிருந்து நான்தான் செய்துவிட்டேன். ஒரு கீறல் பட்டதில்லை. அடைக்கலமேரி புருஷனைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறாள் என்று கல்மண்டபம் ஏரியாவில் எல்லோரும் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அடிக்கடி தொண்டையில் சளி கட்டிக்கொள்ளும். அதை உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன மிஷின் வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

பழைய நாடகம் போட்டுக் காட்டச் சொன்னது பக்கத்து வீட்டு ரெஜினா. மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். "ஆன்டி, அங்கிளு சும்மா மேல பாத்துகினே கெடக்குறாரு. அவரு வயசுல பாத்ததெல்லாம் போட்டுக் காட்டு. மூளைக்கு நல்லதாம்" என்றாள்.

தொண்ணூறு வாக்கில் தூர்தர்ஷனில் வாரம் ஒருநாள் சாயங்காலம் ஒரு போலீஸ் நாடகம் வரும். அரை மணி நேரத்துக்குள் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். யாரோ வீட்டில் வைத்திருந்த வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து, நடுவில் வரும் விளம்பரத்தைக்கூட வெட்டாமல் யூடியூபில் போட்டிருக்கிறார்கள். சொட்டு நீலம், பல்பொடி, பிரஷர் குக்கர். அதெல்லாம் பொற்காலம், அப்போது மனுஷன் நிம்மதியாக இருந்தான் என்று கீழே ஏகப்பட்ட பேர் எழுதியிருந்தார்கள். ரெஜினா சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாள். பல்பொடிப் பாட்டு எனக்கு முழுசாக ஞாபகம் இருந்தது. பாடிக்கூடக் காட்டினேன்.

சில நாள் கழித்து அந்தக் கதை வந்தது. மழையில் ஒரு கிடங்கு வாசல், உள்ளே பிணம், இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

"பாரு ஆன்டி, சந்தோசத்துல அழுவுறாரு" என்றாள் ரெஜினா.

அவளுக்கு எங்கள் கரோலினைத் தெரியாது. ஏழு வயதில் போய்விட்ட பெண். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்த அன்றைக்கு, உள் அறையில் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது.

"கொயந்தைக்கு இழுக்குதுய்யா, கேக்கலியா?" என்றேன்.

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்பவும் வர்றதுதானே. வெளம்பரம் வரட்டும்மே, இட்டுகினு போலாம்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் ரிக்ஷா நின்றபோது இழுப்பும் நின்றுபோயிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

அதனால் அந்த ஒரு கதையை மட்டும் தினமும் போட்டேன். அடித்தேனா, பட்டினி போட்டேனா என்றால், இல்லை. தண்ணீருக்காக முனகுவார். "வெளம்பரம் வரட்டும்யா" என்பேன். படுக்கை நனைந்துவிட்டது என்று முனகுவார். அதற்கும் அதையேதான் சொல்வேன். விளம்பரம் வந்ததும் டிவியை நிறுத்திவிட்டு எல்லாம் செய்துவிடுவேன். மீதிக் கதையை நான் போட்டதே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டால் சத்தத்தைக் கூட்டுவேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை, மேடம். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். நற்கருணை கொடுக்க வந்த சாமியார், இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் அப்போதும் அழுதார்.

போன செவ்வாய்க்கிழமை சளி அதிகமாக இருந்தது. நாடகம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தொண்டை கொறகொறவென்றது. அந்த அறையில் ஒரே ஒரு பிளக்தான். டிவி வயரைப் பிடுங்கினால்தான் மிஷினை மாட்ட முடியும். நான் பிடுங்கவில்லை. அவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். மோதிரம் பட்டு டங்டங்கென்று சத்தம். வசனம் காதில் விழவில்லை. அதனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போதும் சொல்வதைச் சொன்னேன். சொட்டு நீலம் வந்தபோது கை தளர்ந்திருந்தது.

முகத்தைத் துடைத்து, தலைவாரி, நல்ல சட்டை போட்டுவிட்டேன். ஓடிவந்த ரெஜினா, சுருட்டி வைத்தபடியே இருந்த மிஷின் வயரைப் பார்த்தாள். "மிஷினு போடலியா ஆன்டி?" என்றாள். இல்லை என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியே போனாள். அப்புறம்தான் நீங்கள் போலீஸ் ஜீப்பில் வந்தீர்கள்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் என் பெண்ணுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

என்ன கேட்டீர்கள்? கரோலினுக்கு இழுத்த அன்றைக்கு, விளம்பரம் வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்றா?

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். பல்பொடி விளம்பரம் முடிவதற்குள் ரிக்ஷாவோடு வந்துவிட்டார். "மேரி, புள்ளைய தூக்கிகினு வாமே" என்று வாசலிலிருந்தே கத்தினார். திரும்பத் திரும்பக் கத்தினார். ரிக்ஷாக்காரனும் மணி அடித்தான். கடைசியில் அவரே உள்ளே வந்து தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டேன். இதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, என்னிடம்கூட.

அவர் வாசலில் கத்தும்போது நாடகம் திரும்ப ஆரம்பித்துவிட்டது, மேடம். கொலைகாரன் யார் என்று காட்டப்போகிற நேரம். அதை விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பது, நீங்களே சொல்லுங்கள்.